பெட்ரோல் ஜீப்பில் மாட்டிய டீசல் எஞ்சின் படுத்துகிறதா? சரிசெய்வதா, மாற்றுவதா, பழையதற்கே திரும்புவதா

நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் எஸ்டேட் பாதைகளில் இன்னும் ஓடும் பழைய மஹிந்திரா ஜீப்புகள் பலவற்றில், கம்பெனியில் மாட்டிய எஞ்சின் இப்போது இல்லை. ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினோடு வந்த சி.ஜே. 3பி வண்டியில் எப்போதோ ஒருவர் டீசல் எஞ்சினை இறக்கியிருப்பார். அது இன்று மூன்றாவது கையிலோ நான்காவது கையிலோ இருக்கும். காலையில் பத்து முறை சுற்றினால்தான் பிடிக்கும், ஏற்றத்தில் கொதிக்கும், நிற்கும்போது கண்ணாடி வரை நடுங்கும். ஒரு பட்டறையில் "போர் பண்ணிடலாம்" என்பார்கள், அதாவது சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுவது. அடுத்த பட்டறையில் "டி.ஐ. எஞ்சின் போடுங்க, தொல்லை விட்டது" என்பார்கள், அதாவது டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின். மூன்றாவது ஆள், "பெட்ரோலுக்கே போயிடுங்க, வண்டிக்கு மதிப்பாவது இருக்கும்" என்பார். வாசகர்களிடமிருந்து வரும் கேள்வியும் இதேதான்: இதில் எதைக் கேட்பது?

மூன்று பேர் சொல்வதும் சில வண்டிகளுக்குச் சரி. ஆனால் மூவரும் அளந்து பார்க்காமல் சொல்கிறார்கள். மாற்று எஞ்சின் வண்டிகளில் பெரும்பாலான தொல்லை எஞ்சினுக்குள் இருப்பதில்லை. எஞ்சினும் வண்டியும் சேரும் இடங்களில், அதாவது மவுண்டிங், டீசல் குழாய், ரேடியேட்டர், எர்த் ஒயர், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஹவுசிங் தட்டு ஆகியவற்றில் இருக்கும். அவற்றைப் பார்க்காமல் எஞ்சினை மாற்றினால் அதே கோளாறு புது எஞ்சினோடும் வரும், செலவுதான் இரட்டிப்பாகும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் வண்டியின் வேலை. தேயிலை மூட்டையோடு முதல் கியரில் ஏறும் வண்டிக்கும், மாதம் ஒரு முறை கோயம்புத்தூர் இறங்கி வரும் வண்டிக்கும் ஒரே எஞ்சின் பொருந்தாது.

இரண்டாவது, இப்போது இருக்கும் எஞ்சினின் உண்மையான நிலை. காதால் கேட்டுச் சொல்வது போதாது, எண்ணாக வேண்டும்.

மூன்றாவது கிரவுன் பினியன் விகிதம், அதாவது ஆக்ஸிலுக்குள் இருக்கும் கடைசி கியர் ஜோடியின் பல் விகிதம். இதை யாருமே கேட்பதில்லை, கடைசியில் வண்டியின் சுகத்தைத் தீர்மானிப்பது இதுதான். பெட்ரோல் சி.ஜே. 3பி-யில் இருப்பது 5.38 (43க்கு 8 பல்). பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று வரை போகும், அதற்கு இது பொருத்தம். 3200 சுற்றில் கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் கருவி) பிடித்துக்கொள்ளும் டி.ஐ. எஞ்சினை அதே ஆக்ஸிலோடு போட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே சொல்லும். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும். டாப் கியர் நேர் விகிதம் என்று வைத்தால்:

| கிரவுன் விகிதம் | 2600 சுற்றில் | 3200 சுற்றில் | 4000 சுற்றில் |
|---|---|---|---|
| 5.38 | 64 கி.மீ. | 79 கி.மீ. | 98 கி.மீ. |
| 4.88 | 70 கி.மீ. | 87 கி.மீ. | 108 கி.மீ. |
| 4.56 | 75 கி.மீ. | 93 கி.மீ. | 116 கி.மீ. |

டி.ஐ. எஞ்சின் நிம்மதியாக ஓடுவது 2600 வரை. அப்படியென்றால் பழைய ஆக்ஸிலோடு அது மணிக்கு 64 கி.மீ. வண்டி. 98, 116 என்ற எண்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். டிரம் பிரேக்கும் இலை ஸ்பிரிங்கும் கொண்ட ஜீப்புக்கு எஞ்சின் ஒத்துழைத்தாலும் 80 போதும்.

நான்காவது, அந்த எஞ்சினில் கை வைக்கத் தெரிந்த ஆளும் பம்ப் சர்வீஸ் கடையும் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. ஐந்தாவது ஆர்.சி. புத்தகம். பணம் இந்த ஐந்துக்கும் பிறகுதான்.

## முதலில் அரை நாள் சோதனை

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இங்கே உதவாது, 70 பார் வரை காட்டும் டீசல் கேஜ் வேண்டும். பியூஜோ வகை எஞ்சினில் (டீசலை ஒரு சிறு சுழல் அறையில் எரிக்கத் தொடங்கும் பழைய வகை) அந்த அறையை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் துளை வழியாகவும், டி.ஐ. எஞ்சினில் டீசல் தெளிக்கும் நாசிலின் துளை வழியாகவும் அடாப்டரைப் பொருத்த வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கட்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், டீசல் வெட்டும் சொலினாய்டின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு நொடி சுற்றுங்கள். 25 பாருக்கு மேல் இருந்து, நான்குக்கும் இடையே 3 அல்லது 4 பாருக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் எஞ்சினைக் குறை சொல்ல இடமில்லை. 20க்குக் கீழே போனால் போர் வேலை பற்றிப் பேசலாம். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பிஸ்டன் வரை போகும் முன் அதைப் பாருங்கள்.

பிரீத்தர் (எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய்) புகை. ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகை நீராவிபோல் அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. இந்த எஞ்சினை ஏற்றத்தில் மிதித்து ஓட்டாதீர்கள். பிரீத்தர் வழியாக ஆயிலை இழுத்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தானே வேகமெடுக்கும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டாப் கியரில் கிளட்சை விட்டு எஞ்சினை நிறுத்த வேண்டும். இல்லையேல் காற்று வரும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல.

கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் வடிகட்டிய டீசல். அதிலிருந்து புது ஹோஸ் ஒன்றை நேராக ஃபில்டருக்கும், ரிட்டர்ன் ஹோஸை மறுபடி கேனுக்கும் கொடுங்கள். கேன் எஞ்சினைவிட உயரத்தில் இருக்கட்டும். இதில் வண்டி சட்டென்று பிடித்து நன்றாக ஓடினால் குற்றவாளி டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் இடையில் இருக்கிறான்.

ரேடியேட்டர் குமிழி. குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் வரும் நாலைந்து குமிழி காற்று. விடாமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது எஞ்சின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்போல இறுகினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது.

இந்த நான்கின் முடிவும் கையில் இல்லாமல் எந்தப் பட்டறையிலும் விலை பேச வேண்டாம்.

## வழி 1: இருக்கும் டீசலையே சரிசெய்வது

கம்ப்ரஷன் தேறிவிட்டால் இதுதான் முதல் தேர்வு. எங்கே பார்ப்பது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பணம் மிச்சமாகிறது.

### காலையில் பிடிக்கவில்லை

பெட்ரோல் ஜீப்பின் டேங்கில் ரிட்டர்ன் வழி கிடையாது. மாற்றியவர் ரிட்டர்ன் ஹோஸை ஃபில்டருக்கே திருப்பிவிட்டிருந்தால் காற்று வெளியேற வழியின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிட்டர்ன் டேங்க்குக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது உறிஞ்சும் பக்கம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அதனால் அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். "ஒரு சொட்டுகூட ஒழுகல சார்" என்று மெக்கானிக் சொல்வது உண்மை, அதற்கும் கோளாறுக்கும் சம்பந்தமில்லை. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி ஹோஸ் போட்டுப் பாருங்கள், குமிழி தெரியும். டீசல் குழாயை இணைக்கும் துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மாற்ற வேண்டும். பெட்ரோல் காலத்து ரப்பர் ஹோஸ் உள்ளே உரிந்து நிற்கும், வெளியே பளபளவென்று இருக்கும். டேங்கின் அடியில் பழைய துருவும் பிசினும் இருந்தால் எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றையும் சேருங்கள்.

கேன் சோதனையிலும் பிடிக்கவில்லையென்றால் மின்சாரம் பக்கம் போகலாம். பியூஜோ எஞ்சின் ஹீட்டர் பிளக் இல்லாமல் குளிரில் பிடிக்காது. ஒவ்வொரு பிளக்கும் மல்டிமீட்டரில் ஒரு ஓம் அளவில் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் செத்துவிட்டது. நான்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இதற்கு ஹாரன் ஒயரும் டாஷ்போர்டு ஸ்விட்சும் போட்டிருப்பார்கள், பிளக் வரை பாதி வோல்டேஜ்கூட வராது. 6 சதுர மி.மீ. ஒயர், தனி ரிலே, ஃபியூஸ் வேண்டும்.

ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றினால் புது ஸ்டார்ட்டர் வாங்கும் முன் இரண்டு அளவு எடுங்கள். சுற்றும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பேட்டரி மைனஸ்ஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் கூடாது. இரண்டாவது அளவில்தான் பல வண்டிகள் விழும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, பட்டையான எர்த் ஸ்டிராப் போட மறந்துவிட்டார்கள், மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்புகிறது. கிளட்ச் கேபிள் அடிக்கடி உருகும் வண்டி இருந்தால் காரணம் இதுதான்.

### கொதிக்கிறது

எப்போது கொதிக்கிறது என்று முதலில் பிரியுங்கள். மெதுவாக ஏறும்போது மட்டும் கொதித்து, சமவெளியில் ஓடினால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை: ஃபேன், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய கூடு), பெல்ட். வேகமாக ஓடும்போது ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: அடைந்த கோர், அல்லது உறிஞ்சலில் சப்பையாகும் கீழ் ஹோஸ். எப்போதும் ஏறி, தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்.

சுழல் அறை கொண்ட பழைய டீசல், எரியும் வெப்பத்தில் கூடுதல் பங்கைத் தண்ணீருக்குக் கொடுக்கும் இயல்புடையது. பெட்ரோல் ஜீப்பின் ரேடியேட்டர் அதற்குத் தாங்காது. அதே சட்டத்துக்குள் கூடுதல் வரிசை கோர் போட்டுத் தருவார்கள். ஃபேன் இறக்கைக்கும் கோருக்கும் இடையே 25 முதல் 50 மி.மீ. இடைவெளி, இறக்கையின் பாதி ஷ்ரவுட்டுக்குள். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், நடக்கிறது.

மீட்டரையும் நம்பிவிடாதீர்கள். பழைய ஜீப் மீட்டர் ஒன்று, எஞ்சினோடு வந்த சென்சார் வேறொன்று. இரண்டும் ஜோடி இல்லையென்றால் 85 டிகிரியில் சிவப்பைத் தொடும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டி ஒப்பிடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது ஊர் வழக்கம். குளிர்ந்தே ஓடும் டீசல் வெள்ளைப் புகை கக்கும், போர் சீக்கிரம் தேயும். திரும்ப மாட்டுங்கள். ரேடியேட்டர் வாய் ஹெட்டைவிடத் தாழ்வாக இருந்தால் உச்சியில் காற்று தங்கும், உயரமான இடத்தில் ஒரு நிரப்பு வாய் வைக்க வேண்டும்.

### நடுங்குகிறது

நியூட்ரலில் நின்று சோதியுங்கள். எஞ்சின் சுற்றோடு நடுக்கம் கூடிக் குறைந்தால் மவுண்டிங், ஃப்ளைவீல், அல்லது ஒரு சிலிண்டர் வேலை செய்யாமை. நாசில் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் எந்தச் சிலிண்டருக்கு சத்தம் மாறவில்லையோ அதுதான் நோயாளி. இது பழைய பம்ப் எஞ்சின்களுக்கு மட்டும். காமன் ரெயில் எஞ்சினில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் புது வகை) குழாயைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. பியூஜோ வகை நாசில் 115 முதல் 140 பாரில் திறக்க வேண்டும், டி.ஐ. நாசில் 200க்கு மேல்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 750 சுற்றில் அது நொடிக்கு 25 அதிர்வு. இரும்புத் தகட்டை நேராக வெல்டு செய்து மவுண்டிங் என்று பெயர் வைத்தால் அத்தனையும் சேஸிஸுக்குப் போகும், பிறகு ரேடியேட்டர் காது உடையும். எஞ்சினோடு வந்த ஒரிஜினல் ரப்பர் மவுண்டிங்கைத் தேடிப் பிடித்து, அதற்கேற்ப பிராக்கெட் செய்யுங்கள்.

வண்டி ஓடும்போது மட்டும் நடுங்கினால் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட். ஜீப்பின் பின் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின்னுக்குத் தள்ளினால் இன்னும் குட்டையாகிக் கோணம் கூடும். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ் மூட்டுகளின் கோணமும் ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும், இரு முனை யோக்குகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும்.

கியர் நழுவுவது, கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் உடைவது, கிளட்ச் மிதித்தால் பைலட் பேரிங் கத்துவது ஆகிய மூன்றும் ஒரே இடத்தைக் காட்டும்: ஹவுசிங் தட்டு மையத்தில் இல்லை. கியர்பாக்ஸை இறக்கி, ஃப்ளைவீலில் டயல் கேஜைக் கட்டி, ஹவுசிங் துளையைச் சுற்றிப் பாருங்கள். மொத்த ஓட்டம் 0.2 மி.மீ.க்கு மேல் இருந்தால் லேத்தில் திருத்த வேண்டும். கண்ணளவில் துளை போட்ட தட்டு என்றால் தூக்கிப் போட்டுப் புதிதாகச் செய்வதே மலிவு.

### மறந்துபோகும் இரண்டு

டீசல் எஞ்சினின் காற்று வழியில் பெட்ரோலில்போல வேக்கம் கிடைக்காது. வேக்கத்தில் ஓடிய பழைய வைப்பர் நிற்கும். பூஸ்டர் பிரேக் போட்டிருந்தால் அதுவும் கல்லாகும். பின்னால் வேக்கம் பம்ப் கொண்ட ஆல்டர்னேட்டர் வேண்டும், அதற்கு ஆயில் போகும் குழாயும் தடையில்லாமல் திரும்பும் குழாயும் வேண்டும். இன்னொன்று, எஞ்சினை அணைக்க நம்பகமான ஸ்டாப் கேபிள். சொலினாய்டு சிக்கிக்கொண்டால் அதுதான் காப்பாற்றும்.

## வழி 2: டி.ஐ. எஞ்சினுக்கு மாறுவது

மஹிந்திராவின் எம்.டி.ஐ. 3200 எஞ்சின் 2523 சி.சி., பெயரில் இருக்கும் 3200 அதன் உச்சச் சுற்று. 60 குதிரைத்திறனுக்குப் பக்கத்தில். டர்போ வைத்தது சுமார் 63, ஆனால் 180 நியூட்டன் மீட்டர் இழுவையை 1500 சுற்றிலேயே தரும். பியூஜோவின் 2498 சி.சி. எக்ஸ்.டி.3.பி. 4000 சுற்றில் சுமார் 72 தரும். காகிதத்தில் பியூஜோ பெரியது, மூட்டையோடு ஏறும்போது டி.ஐ. பெரியது.

நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிப்பதால் சமவெளிக் குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமலே பிடிக்கும், டீசல் குறைவாகக் குடிக்கும், தண்ணீருக்குப் போகும் வெப்பமும் குறைவு. உதிரி பாகம் டிராக்டர் கடை வரை கிடைக்கும். குறை சத்தம். பியூஜோவிலிருந்து மாறுபவர் முதல் வாரம் வருந்துவார். பிறகு பழகிவிடும், அல்லது காது கேட்காமல் போகும்.

வாங்கினால் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வாங்குங்கள். சி.ஜே. 3பி-யின் மூன்று கியர் பெட்டி பெட்ரோலின் மென்மையான தள்ளலுக்குச் செய்தது. டீசலின் ஒவ்வொரு வெடிப்பும் சுத்தியல் அடிபோல் வரும். அடாப்டர் தட்டு போட்டுப் பழைய பெட்டியையே வைத்துக்கொள்வது மிச்சம் போலத் தெரியும், ஓரிரு வருடத்தில் கியர் பல்லாக வசூலித்துவிடும்.

கூடவே 4.88 அல்லது 4.56 கிரவுன் பினியன். நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் முன் ஆக்ஸிலிலும் அதே விகிதம் கட்டாயம். பின்னால் மட்டும் மாற்றி, முன்னால் 5.38-ஐ விட்டுவிட்டு நான்கு சக்கரத்தில் போட்டால் கெட்டித் தரையில் டிரான்ஸ்பர் கேஸ் உடையும். மாட்டும் முன் இரண்டு பக்கமும் பல் எண்ணிவிடுங்கள்.

டர்போ எஞ்சின் என்றால் எக்ஸாஸ்ட் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று, எஞ்சினை உட்கார வைத்துப் பார்த்த பிறகே மவுண்டிங்கை வெல்டு செய்யச் சொல்லுங்கள். டர்போவின் ஆயில் திரும்பும் குழாய் மேடு ஏறாமல் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும்.

## வழி 3: காமன் ரெயில்

பழைய மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. ஜீப்பின் 2498 சி.சி. எஞ்சின் 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர். ஆசை வருவது இயல்பு. ஆனால் வாங்குவது எஞ்சின் மட்டும் அல்ல: கம்ப்யூட்டர், முழு ஒயரிங், சாவியும் அதன் இம்மொபிலைசரும் (திருட்டுத் தடுப்புப் பூட்டு), மின்னணு பெடல், அத்தனை சென்சாரும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் வண்டி பிடிக்காது, பிடித்தாலும் குறைந்த சக்தியில் ஊர்ந்து போகும். டிரம் பிரேக்கும் பழைய ஆக்ஸிலும் இந்த இழுவைக்குச் செய்தவை அல்ல, அவற்றையும் மாற்றுகிற கையோடு பழைய ஜீப்பில் பாதி போய்விடும். முழு வண்டியையே டோனராக (பாகம் எடுக்கும் வண்டியாக) வாங்கி, ஸ்கேனர் வைத்த எலக்ட்ரீஷியனையும் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும். எஸ்டேட் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

## வழி 4: பெட்ரோலுக்கே திரும்புவது

ஹரிக்கேன் எளிய எஞ்சின். 2199 சி.சி., இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் எஃப்-ஹெட் அமைப்பு. டாப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.018, எக்ஸாஸ்ட் 0.016 அங்குலம். கியர்பாக்ஸ், ஆக்ஸில், ரேடியேட்டர், மவுண்டிங், ஆர்.சி. எல்லாம் இதற்காகவே பிறந்தவை. பழைய வண்டி விரும்பிகளிடம் விற்கும்போது விலையும் இதற்குத்தான்.

இரண்டு சிக்கல். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால். பழைய ஃபீட் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் ரப்பர், ஹோஸ் ஆகியவை ஊறி உப்பும், வண்டி மாதக்கணக்கில் நின்றால் டேங்கில் தண்ணீர் சேரும். எத்தனால் தாங்கும் ரப்பர்களாக மாற்றி, ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

மற்றொன்று செலவுக் கணக்கு. பெட்ரோலில் லிட்டருக்கு 7 கி.மீ., டீசலில் 11 என்றும், லிட்டர் விலை 101, 92 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 500 கி.மீ. ஓடினால் பெட்ரோலுக்கு 7,200 ரூபாய், டீசலுக்கு 4,200; வித்தியாசம் 3,000. மாதம் 150 கி.மீ.தான் என்றால் வித்தியாசம் 900. இதை வைத்துப் பார்த்தால், இரண்டு லட்சம் செலவழித்து மாற்றும் டீசல் முதல் ஆளுக்கு ஐந்தரை வருடத்தில் காசைத் திருப்பும், இரண்டாவது ஆளுக்குப் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு டீசல் மிச்சம் என்ற வாதம் நிற்காது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இருப்பதைச் சரிசெய்தல் | டி.ஐ. செட் | காமன் ரெயில் | பெட்ரோலுக்குத் திரும்பல் |
|---|---|---|---|---|
| எப்போது | கம்ப்ரஷன் 25 பாருக்கு மேல் | 20க்குக் கீழே, தினசரி சுமை | முழு டோனர் வண்டி கையில் | மாதம் 200 கி.மீ.க்குள் |
| மலை ஏற்றம் | போதும் | மிக நன்று | மிக நன்று | கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் |
| குளிர் ஸ்டார்ட் | ஹீட்டர் பிளக்கைப் பொறுத்தது | நன்று | நன்று | நன்று, சோக் வேலை செய்தால் |
| சத்தம், நடுக்கம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| கிராமத்தில் ரிப்பேர் | பம்ப் கடை வேண்டும் | எளிது | முடியாது | எளிது, பாகம் தேட வேண்டும் |
| வண்டி நிற்கும் காலம் | ஓரிரு வாரம் | ஒன்று, இரண்டு மாதம் | சொல்ல முடியாது | பிளாக் நிலையைப் பொறுத்தது |
| மறைந்திருக்கும் செலவு | ரேடியேட்டர், ஹவுசிங் தட்டு | கிரவுன் பினியன் இரண்டு செட், ஸ்பிரிங் | பிரேக், ஆக்ஸில், ஒயரிங் | ரப்பர் பாகங்கள், கார்புரேட்டர் |

எந்த டீசலானாலும் ஹரிக்கேனைவிட எடை கூடும். முன் ஸ்பிரிங் தாழ்ந்து, ஆக்ஸில் பம்ப் ரப்பரில் இடித்தால் ஒரு இலை சேர்க்க வேண்டும். பேட்டரியும் 75 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் வேண்டும், பழைய தட்டு அதற்குச் சின்னது. சைலன்சர் குழாய், கிளட்ச் லிங்கேஜ், ஆக்ஸிலேட்டர் கேபிள் மூன்றும் எந்த மெக்கானிக்கின் முதல் மதிப்பீட்டிலும் இருக்காது. சொன்ன தொகையோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய எஞ்சின் வாங்கப் புதுப்பேட்டைக்கோ உக்கடத்துக்கோ போகிறவர்கள் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஓட்ட முடியாத எஞ்சின் என்றால் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் பால் நிறம் இருக்கிறதா, ஃப்ளைவீலைக் கடப்பாரையால் முன்னும் பின்னும் தள்ளினால் 0.3 மி.மீ.க்கு மேல் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படியும் அதை "ஓவர்ஹாலுக்கு வந்த எஞ்சின்" என்ற விலைக்கே கேளுங்கள்.

## ஆர்.சி. புத்தகம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. எரிபொருள், சி.சி., எஞ்சின் எண் மூன்றும் அந்த விவரங்களில் அடங்கும். அதனால் இங்கே வரிசை முக்கியம்: முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு, பிறகுதான் எஞ்சினுக்கு முன்பணம். அனுமதி கிடைக்காது என்றால் 2, 3 வழிகள் அங்கேயே முடிந்தன. புத்தகத்தில் இன்னும் பெட்ரோல் என்றே இருந்து, பொதுச் சாலையில் ஓட வேண்டிய வண்டிக்கு 4தான் மிச்சம்.

ஏற்கெனவே டீசல் மாட்டிய வண்டியை வைத்திருப்பவர்கள், செலவழிக்கும் முன் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எரிபொருள் கட்டத்தில் இன்னும் பெட்ரோல் என்றே இருந்தால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது அதைத்தான். பிளாக்கில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படியுங்கள், புத்தகத்தோடும், எஞ்சின் வாங்கிய பில்லோடும் ஒப்பிடுங்கள். பில் இல்லாத, எண் தேய்த்த எஞ்சின் என்றால் கம்ப்ரஷன் 30 பார் காட்டினாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். எண்ணைத் தேய்த்தவருக்கு அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், போலீஸ் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.